மதியம் ஒன்றேகாலுக்கு இறங்கும் சார்ஜ்

இந்த மாதிரிக் கதைகளைக் கேட்டால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். கடையில் யாராவது உட்கார்ந்து பேய், மோகினி என்று ஆரம்பித்தால் "வேலை இருக்குங்க" என்று சொல்லி ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுத்துக்கொள்வேன். ஜின் உண்டு என்று எங்கள் மார்க்கம் சொல்கிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது சார்ஜ் நிற்கவில்லை என்று சொல்லிக்கொண்டு என் கடைக்கு வரும் என்றால் நம்பமாட்டேன். இருபத்திரண்டு வருஷமாகப் புதுச்சேரி பெரிய மார்க்கெட் பக்கத்தில் செல்போன் சர்வீஸ் செய்கிறேன். போன் தானாக டயல் செய்கிறது, காற்று கருப்பு அடித்திருக்கிறது என்று வீராம்பட்டினத்திலிருந்து ஒருவர் வந்தார். போனுக்குத் தாயத்து கட்டியிருந்தார். பிரித்துப் பார்த்தால் கடல் தண்ணீர் உள்ளே போய் டிஸ்ப்ளே கனெக்டரில் பச்சை பூத்திருந்தது. பிரஷ் போட்டுத் துடைத்தேன், பேய் போய்விட்டது. தாயத்தை மறக்காமல் திருப்பிக் கொடுத்தேன்.

போனில் எதற்கும் காரணம் இருக்கும். சார்ஜ் இறங்கினால் கரண்ட் எங்கேயோ போகிறது, எங்கே போகிறது என்று கண்டுபிடிப்பதுதான் என் தொழில். அப்படிப்பட்ட நான் சொல்கிறேன், என் சொந்தப் போனில் கரண்ட் எங்கே போனது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்டுவிட்டுச் சிரித்தாலும் எனக்குக் கோபம் இல்லை. உங்கள் இடத்தில் நான் இருந்தால் சிரிக்கக்கூட நின்றிருக்கமாட்டேன்.

என் மனைவி ஜமீலா போன வருஷம் இறந்துபோனாள். ஒரு காலை வேளை, வீட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் அப்படியே உட்கார்ந்தாள், அவ்வளவுதான். பக்கத்து வீட்டுக்காரர் போன் செய்தபோது நான் ஒரு போனுக்குச் சார்ஜிங் பின் மாற்றிக்கொண்டிருந்தேன். விஷயத்தைக் கேட்டேன், "சரி வர்றேன்" என்றேன், அந்தப் பின்னைச் சால்டர் பண்ணி முடித்து, ஆறவைத்து, சார்ஜ் ஏறுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எழுந்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியாது. அன்று மாலையே அடக்கம் முடிந்தது. எல்லாரும் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னம் இருக்குமே, தொட்டால் கைக்குத் தெரியும், கன்னத்துக்குத் தெரியாது, நான் முழுசாக அப்படி இருந்தேன். அடுத்து வந்த மாதங்களும் அப்படித்தான் போயின.

ஐந்தாம் நாள் கடையைத் திறந்தேன். ஜமீலாவின் போன் என் சட்டைப்பையில் இருந்தது, துக்கம் விசாரிக்க அந்த எண்ணுக்குத்தான் பாதிப் பேர் கூப்பிட்டார்கள். இப்போது நான் சொல்லப்போவது என் மாதிரி ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. என் கடைக்கு ஒரு பழைய போன் வந்தால் கை ஒரு வரிசையில் வேலை செய்யும். சிம்மை எடு, அக்கவுண்டை நீக்கு, ரீசெட் போட்டு மொத்தத்தையும் அழி, ஸ்பிரிட்டில் துடைத்து டிராயரில் வை. ஒரு நாளைக்கு நாலைந்து போனுக்கு இதைச் செய்கிறேன், கண்ணே வேண்டாம். அன்றைக்கு ஒரு வாடிக்கையாளரிடம் டெம்பர் கிளாஸ் பற்றிப் பேசிக்கொண்டே பையில் இருந்த போனை எடுத்தேன், பேசிக்கொண்டே பாஸ்வேர்டு போட்டேன். அது நானே அவளுக்கு வைத்துக் கொடுத்த பாஸ்வேர்டு. என்ன மொழி வேண்டும் என்று கேட்கும் திரை வெள்ளையாக வந்து நின்றபோதுதான் அது யாருடைய போன் என்று பார்த்தேன்.

அதில் இருந்த படங்கள் வேறு எங்கும் இல்லை. பேக்கப் போட்டால் இடம் அடைக்கும் என்று இரண்டு வருஷம் முன்னால் நானேதான் அதை அணைத்து வைத்திருந்தேன். எனக்குப் பக்கத்துக் கடை போட்டோ ஃப்ரேம் போடுகிற லூர்து அண்ணன், கிறிஸ்தவர், இருபது வருஷப் பழக்கம். துக்கத்துக்கு வந்தபோது "ஒரு போட்டோ குடு முசியே, நல்லதா ஃப்ரேம் போட்டுத் தர்றேன்" என்று கேட்டிருந்தார். பிரெஞ்சில் ஐயா என்கிற மாதிரி என்னை அவர் முசியே என்றுதான் கூப்பிடுவார், கிண்டலுக்கு. "எங்க வூட்ல இறந்தவங்க படம் மாட்டறதில்லண்ணே" என்று சொல்லியிருந்தேன். ஆக சுவரிலும் இல்லை, போனிலும் இல்லை.

படங்கள் போனதுகூட அப்புறம்தான் உறைத்தது. ஏழாம் நாள் என் மகள் ஷமீமா கேட்டாள். ஒரே மகள், வில்லியனூரில் கட்டிக்கொடுத்திருக்கிறோம், அப்போது நாலு மாதம் முழுகாமல் இருந்தாள்.

"அத்தா, அம்மா போன் எங்க?"

"கடையில இருக்கு."

"நாளைக்கு எடுத்துட்டு வாங்க. அம்மா எனக்குப் பேசி வெச்சிருக்காங்க. பிரசவ மருந்து எப்படிக் கிண்டறது, புள்ளைக்கு எண்ணெய் எப்படித் தேய்க்கறது, எல்லாம். எழுதி வைம்மான்னு சொன்னேன், எழுதினா கை வலிக்குது, தெனம் கொஞ்சம் பேசி வெக்கறேன்னாங்க. போன வாரம்கூட இன்னும் ரெண்டு விசயம் பாக்கி இருக்குன்னு சொன்னாங்க."

"அத ரீசெட் போட்டுட்டேன்மா" என்றேன். வாடிக்கையாளரிடம் சொல்கிற அதே குரலில் சொன்னேன், அதுதான் இன்னும் கொடுமை.

"எதுக்கு?" என்றாள்.

"கைப்பழக்கம்."

அவள் அழவில்லை, கத்தவில்லை. உள்ளே போய்ப் பையை எடுத்துக்கொண்டு வந்தாள், மாப்பிள்ளை ரியாஸோடு வண்டியில் ஏறிப் போய்விட்டாள். அதற்குப் பிறகு என்னோடு பேச்சில்லை. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது எங்கள் வழக்கம், ஜமீலா அதற்காக ஓர் அறையையே ஒழித்து வைத்திருந்தாள். ரியாஸ் ஒரு நாள் தயங்கித் தயங்கிப் போன் செய்து, "மாமா, பிரசவம் இங்கயே பாத்துக்கலாம்னு அவ சொல்றா" என்றார். நான் "சரி மாப்ள" என்றேன். அழிந்ததை மீட்க மூன்று விதமான சாஃப்ட்வேர் போட்டுப் பார்த்தேன், ஒரு வார்த்தைகூட வரவில்லை. போனது போனதுதான் என்று மற்றவர்களுக்குச் சுலபமாகச் சொல்லியிருக்கிறேன். அந்தப் போனை அணைத்து டிராயரில் வைத்தேன்.

நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதி முடித்த மறுநாளிலிருந்து என் போனில் சார்ஜ் இறங்க ஆரம்பித்தது.

எங்கள் ஊரில் மதியம் ஒரு மணிக்குக் கடையைச் சாத்தி நாலு மணிக்குத் திறப்பார்கள், பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன பழக்கம் என்பார்கள். இப்போது பாதிக் கடைகள் சாத்துவதில்லை, நானும் லூர்து அண்ணனும் சாத்துவோம். முன்பெல்லாம் ஒன்றேகாலுக்கு ஸ்கூட்டரை எடுத்து லாஸ்பேட்டையில் இருக்கிற வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுப் படுத்து எழுந்து வருவேன். அவள் போன பிறகு அந்த நேரத்தில் அந்த வீட்டுக்குப் போகப் பிடிக்கவில்லை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஒரு பொட்டலம் வாங்கிப் பிரித்துக் கடையிலேயே உட்கார்ந்திருப்பேன். பாதி நாள் அதையும் சாப்பிடமாட்டேன். ஒரு மணிக்கு எழுபது சதவீதம் இருக்கிற போன் இரண்டரைக்குப் பார்த்தால் அணைந்து கிடக்கும். தொட்டால் இஸ்திரிப் பெட்டி மாதிரி சுடும். காலையில் ஒன்றும் இல்லை, சாயங்காலம் ஒன்றும் இல்லை, ராத்திரி முழுக்க வைத்தாலும் இரண்டு சதவீதத்துக்கு மேல் குறையாது. மதியம் மட்டும்தான்.

வாடிக்கையாளருக்கு என்ன சொல்வேனோ அதை எனக்குச் செய்துகொண்டேன். வெளிச்சத்தைக் குறைத்தேன், பின்னால் ஓடுகிற ஆப்களை மூடினேன், தேவையில்லாததை நீக்கினேன், சேஃப் மோடில் போட்டேன். இறங்கியது. பேட்டரி உப்பியிருக்கும் என்று புதுசு மாற்றினேன், அதுவும் இறங்கியது. எது சார்ஜைத் தின்கிறது என்று போனிலேயே ஒரு பட்டியல் வரும், அதைத் திறந்தேன். எல்லாவற்றுக்கும் மேலே லொகேஷன் இருந்தது. அதாவது, போன் எங்கே இருக்கிறது என்று வானத்தைக் கேட்டுக் கேட்டு யாருக்கோ சொல்லிக்கொண்டிருக்கிறது. நேரம் பார்த்தேன். ஒன்றேகாலிலிருந்து இரண்டரை வரை, விடாமல்.

லொகேஷனை யாருக்குக் காட்டுகிறது என்று மேப்பைத் திறந்தால் ஒரே ஒரு பெயர், ஜமீலா.

இது என்ன என்று எனக்கு உடனே ஞாபகம் வந்தது. இரண்டு வருஷம் முன்னால் ஈசிஆரில் லாரிக்காரன் ஒருவன் என் ஸ்கூட்டரை இடித்தான், முழங்கை தேய்ந்ததோடு போயிற்று. அன்றிலிருந்து நான் கடையை விட்டுக் கிளம்பினால் அவளுக்கு நிலைகொள்ளாது, ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை போன் செய்வாள். வண்டி ஓட்டும்போது எடுக்கமுடியவில்லை, அந்தத் தொல்லைக்குத்தான் என் லொகேஷனை அவள் போனில் தெரிகிற மாதிரி போட்டுக் கொடுத்தேன். அதற்குப் பிறகு அவள் கூப்பிடவே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பேச்சுவாக்கில் சொன்னாள், கொக்கு பார்க் சிக்னல்கிட்ட என் புள்ளி வந்ததும் போனைக் கீழே வைத்துவிட்டு மீனைச் சட்டியில் போடுவாளாம், நான் கைகழுவி உட்கார்வதற்கும் மீன் தட்டுக்கு வருவதற்கும் சரியாக இருக்குமாம். நான் டிவி பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு வருஷமாக நான் ஒரு நாள்கூட ஆறிப்போன மீன் சாப்பிடவில்லை என்பது, நம்பினால் நம்புங்கள், அந்தப் பட்டியலைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் எனக்குத் தெரிந்தது.

இருந்தாலும் என் புத்தி மெக்கானிக் புத்தி. அவள் அக்கவுண்ட் வேறு ஏதோ போனில் திறந்து கிடக்கிறது, யாரோ பார்க்கிறார்கள் என்று முடிவுகட்டினேன். வேறு யாரிடம் இருக்கும்? மகளிடம்தான் இருக்கவேண்டும். ரியாஸுக்குப் போன் செய்து, "அத்தை அக்கவுண்ட் உங்க யார் போன்லயாவது ஓப்பன்ல இருக்கா மாப்ள?" என்று கேட்டேன். அவர் இல்லை என்று சொல்வதற்குள் போன் கை மாறியது. இரண்டு மாதம் கழித்து மகளின் குரலைக் கேட்டேன்.

"எதுக்கு அத்தா கேக்கறீங்க? இருந்தா அதையும் அழிக்கறதுக்கா?"

நான் பதில் சொல்லும் முன்னால் வைத்துவிட்டாள்.

கம்ப்யூட்டரில் ஜமீலாவின் அக்கவுண்டுக்குள் நுழைந்து எந்தெந்தக் கருவியில் திறந்திருக்கிறது என்று பார்த்தேன். எதிலும் இல்லை. கடைசியாக வெளியேறிய கருவி என்று ஒன்றுதான் இருந்தது, நான் அழித்த போன். டிராயரைத் திறந்து அதை எடுத்தேன். சிம் இல்லை, உயிர் இல்லை, தொட்டால் ஜில்லென்று இருந்தது. மேப்பில் ஜமீலா பெயருக்குப் பக்கத்தில் நிறுத்து என்று ஒரு பட்டன் இருக்கும். அதன்மேல் விரலை வைத்தபோது கொஞ்சம் தயங்கினேன் என்பது உண்மை. ஆனால் அமுக்கினேன். கோளாறு எங்கே என்று தெரிந்த பிறகும் அதைச் சரிசெய்யாமல் விட எனக்கு வராது.

மறுநாள் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு லூர்து அண்ணனைக் கூப்பிட்டேன். தனியாகப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். என் போனைப் பிரித்து, பேட்டரியைக் கழற்றி, டிசி மெஷினில் மாட்டினேன். அது போனுக்கு நேராகக் கரண்ட் கொடுக்கிற பெட்டி, எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று ஒரு முள் காட்டும். போன் சும்மா இருந்தால் முள் அசையவே அசையாது. சிம்மைக் கழற்றிவிட்டேன், வைஃபையை அணைத்தேன், லொகேஷனை அணைத்தேன், மேப்பையே நீக்கிவிட்டேன். இனி அந்தப் போன் யாருக்கும் எதையும் சொல்லமுடியாது, அது வெறும் பலகை.

"எதுக்கு முசியே என்னைத் தூக்கத்துலேர்ந்து எழுப்பின?" என்றார் அண்ணன். அவர் சாப்பிட்டுவிட்டுக் கடைக்குள் பாய் விரித்துப் படுக்கிறவர்.

"இந்த முள்ளைப் பாருண்ணே."

"அதான் பாக்கறேன். செத்தமாதிரி கெடக்குது."

ஒன்றேகாலுக்கு முள் எழுந்தது. குதிக்கவில்லை, நிதானமாக மேலே ஏறிப் பாதியில் போய் நின்றது. போனின் திரை இருட்டாகவே இருந்தது. அண்ணன் வயரைத் தொட்டுப் பார்த்தார், போனைத் தொட்டுக் கையை எடுத்துக்கொண்டார். வெளியே தெருவில் ஒரு சத்தமும் இல்லை, எங்கள் பக்கத்து மதியம் அப்படித்தான் இருக்கும். இரண்டேகால் இருக்கும்போது அண்ணன், "ஷார்ட் ஆவுதா?" என்று கேட்டார்.

"ஷார்ட் இல்லண்ணே."

"அப்ப என்னா?"

"தெரியல."

அவர் பிரிக்காமல் கிடந்த என் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பார்த்தார். "நீ ஏன் வூட்டுக்குப் போவாம இங்கயே கெடக்கற?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனார். அதற்குப் பிறகு இதைப்பற்றி அவர் ஒரு நாளும் பேசியதில்லை. நான் எடுத்தாலும் வேறு பேச்சுக்குப் போய்விடுவார்.

காரணம் தெரியாத கோளாறு என்றால் ஒன்றை மாற்றிப் பார்க்கவேண்டும், இதுவும் தொழில்தான். மறுநாள் ஒரு மணிக்குப் பேட்டரியைப் போட்டு, சிம்மும் நெட்டும் இல்லாமலே போனைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தேன். அந்த நேரத்தில் அந்த வழியில் போய் இரண்டு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. அஜந்தா சிக்னல் தாண்டும்போது போன் சுட ஆரம்பித்தது. நெஞ்சுக்கு நேராகச் சுட்டது, பையில் இருந்து எடுத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன், எடுக்கவில்லை. ஈசிஆரில் திரும்பிய பிறகும் சூடு. கொக்கு பார்க் சிக்னலில் சிவப்பு விழுந்தது, நின்றேன். பச்சை விழுந்து வண்டி நகர்ந்து இருபது அடி போயிருக்காது, சூடு குறைந்தது. ஓரமாக நிறுத்திப் போனை எடுத்துப் பார்த்தேன். நாற்பத்தோரு சதவீதம். அங்கேயே பத்து நிமிஷம் வெயிலில் நின்றேன், நாற்பத்தோரு சதவீதமாகவே இருந்தது.

அவள் போனைக் கீழே வைத்துவிட்டாள் என்று நினைத்தேன். நினைக்கவேண்டும் என்று நினைக்கவில்லை, அதுவாக வந்தது.

வீட்டுக்குப் போனேன். நீங்கள் எதிர்பார்க்கிற மாதிரி அங்கே ஒன்றும் இல்லை. மீன் வாசனை இல்லை, அடுப்பு ஜில்லென்று இருந்தது, சட்டி நான் கவிழ்த்த இடத்தில் கவிழ்ந்திருந்தது. சமையலறை வாசலில் நின்றுகொண்டு எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று தெரியாது. அடுப்பைப் பற்றவைத்து ஒரு முட்டையை உடைத்து ஊற்றினேன். உப்புப் போட மறந்துவிட்டேன். அதைத் தட்டில் வைத்துச் சாப்பிட உட்கார்ந்தபோது, அந்தப் பல் ஊசி என்று சொன்னேனே, அது ஒரு ஓரத்தில் இறங்கிய மாதிரி இருந்தது. வலித்தது. நான் அழுதேன் என்று சொல்லிக்கொள்ள முடியாது, வலித்தது, அவ்வளவுதான் சொல்லமுடியும்.

கையோடு வில்லியனூர் போனேன். நாலு மணிக்குக் கடையைத் திறக்கவில்லை, இருபத்திரண்டு வருஷத்தில் காரணம் சொல்லாமல் திறக்காதது அன்றைக்குத்தான். ஷமீமா கதவைத் திறந்தவள் உள்ளே கூப்பிடவும் இல்லை, சாத்தவும் இல்லை. வயிறு நன்றாகத் தெரிந்தது. போன் விஷயத்தை அவளிடம் சொல்லவேண்டும் என்றுதான் போனேன். முகத்தைப் பார்த்ததும் அது தப்பு என்று தோன்றியது. செய்த தப்புக்குச் சாக்குத் தேடிக் கதைகட்டுகிறான் அப்பன் என்று நினைப்பாள். அதனால் நிலைப்படியில் நின்றே பேசினேன்.

"அம்மா பேசுனத நான் அழிச்சுட்டேன். யார் போன்னு பாக்காம அழிச்சேன். அவ செத்ததுகூட எனக்கு அப்ப மண்டையில ஏறல. எனக்கு வேற எப்படிச் சொல்றதுன்னு தெரியல ஷமீமா."

"அழிக்கறதுக்கு முன்ன கொஞ்சமாச்சும் கேட்டீங்களா? ஒரு வார்த்தையாச்சும்?"

"கேக்கல."

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "சாப்ட்டீங்களா?" என்றாள்.

"முட்டை போட்டுச் சாப்ட்டேன். உப்பில்ல."

அவள் சிரிக்கவில்லை. ஆனால் கதவை விட்டு நகர்ந்து வழிவிட்டாள். ஏழாம் மாதம் முடிந்து எங்கள் வீட்டுக்கு வந்தாள், ஜமீலா ஒழித்து வைத்த அறையில் படுத்தாள். மருந்து கிண்ட அவள் மாமியாரே தெரிந்தவரை சொல்லிக்கொடுத்தார். ஜமீலா பாக்கி வைத்த அந்த இரண்டு விஷயம் என்ன என்று எங்கள் யாருக்கும் தெரியாது, இனிமேல் தெரியவும் தெரியாது.

நான் மறுபடியும் மதியம் வீட்டுக்குப் போக ஆரம்பித்தேன். என் போனில் சார்ஜ் இறங்குவது நின்றது. வேலை மிகுந்து கடையிலேயே தங்கிவிட்ட நாளில்கூட இறங்கவில்லை. விட்டது தொல்லை என்று நினைத்துக்கொண்டேன், உள்ளுக்குள் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது, மறைப்பானேன்.

எட்டாம் மாதம் ஒரு நாள் ஷமீமா ஆஸ்பத்திரிக்குச் செக்கப்புக்குப் போய்விட்டு வந்தாள். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். எதிரில் வந்து நின்று தன் போனை நீட்டினாள்.

"காலைல நூறு இருந்துச்சு அத்தா. ஆஸ்பத்திரி போய்ட்டு வர்றதுக்குள்ள ஒண்ணுமே இல்லாமப் போச்சு, போனவாட்டியும் இப்படித்தான். என்னான்னு பாருங்க." போனை விடாமல் இன்னொன்றும் சொன்னாள். "எதையும் அழிச்சுடாதீங்க."

"அழிக்கமாட்டேன்" என்றேன். அவள் விட்டாள்.

கடையில் டிசி மெஷினில் மாட்டி மூன்று மணி நேரம் பார்த்தேன், முள் அசையவில்லை. லொகேஷனை அணைத்துவிட்டேன். யாருக்கும் காட்டுகிற மாதிரி அதில் போட்டிருக்கவே இல்லை. அடுத்த செக்கப்புக்கு நானே கூடப் போனேன். அவள் உள்ளே டாக்டரைப் பார்க்க வரிசையில் உட்கார்ந்திருக்க, நான் வெளியே பெஞ்சில் அவள் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வீட்டுவாசலைத் தாண்டியதிலிருந்தே சுட்டது. என் கண் எதிரில் எண்பது எழுபதாயிற்று, அறுபதாயிற்று. வீடு திரும்பிச் செருப்பைக் கழற்றியதும் ஆறிவிட்டது.

"என்னா அத்தா, பேட்டரி போச்சா?" என்று கேட்டாள்.

"புது போன்ல கொஞ்ச நாளைக்கு அப்படித்தான் இருக்கும்" என்றேன். தொழிலில் நான் சொன்ன முதல் பொய் அதுதான். அவளுக்கு ஒரு பவர் பேங்க் கொடுத்தேன். அதைச் சரிசெய்ய நான் முயற்சி செய்யவில்லை.

பேத்தி பிறந்து இப்போது மூன்று மாதம் ஆகிறது, தாயும் பிள்ளையும் நன்றாக இருக்கிறார்கள். நான் இதை யாரிடமும் சொன்னதில்லை, நீங்களும் ஷமீமாவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். என் போன் வரைக்கும் ஏதோ ஒரு சமாதானம் சொல்லிக்கொள்ளலாம், அதில் ஒரு காலத்தில் ஜமீலா பெயர் இருந்தது, பழைய பழக்கம் என்று வைத்துக்கொள்ளலாம். மகளின் போனுக்குத்தான் எனக்குப் பதில் கிடைக்கவில்லை. அவளுடைய பழைய போனில் அம்மா அனுப்பிய நாலைந்து குரல் செய்தி இருக்கிறது, அதற்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயந்து அதை அணைத்துத் துணியில் சுற்றி வில்லியனூர் பீரோவில் பூட்டி வைத்திருக்கிறாள், என் கண்ணிலேயே காட்டுவதில்லை. கையில் இருப்பது ரியாஸ் வாங்கிக் கொடுத்தது. சிம்மும் புதுசு, நம்பரும் புதுசு. ஜமீலா இறந்து மூன்று மாதம் கழித்து வாங்கியது. அப்படி ஒரு போன் இருக்கிறது என்று ஜமீலாவுக்குத் தெரிய வழியே இல்லை.

இன்றைக்குக் காலையில் குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போய்விட்டு வந்து போனை என்னிடம்தான் கொடுத்தாள். ஆறு சதவீதம் இருந்தது. சார்ஜில் போட்டிருக்கிறேன்.